புல்தரையில் நெல்

கேட்டைத் தள்ளிப் பார்த்தாள் இசைவாணி. ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. கோவைக்கொடி கம்பிகளுக்குள் புகுந்து கீல் வரைக்கும் சுற்றியிருந்தது. அடியில் மழை கொண்டுவந்த வண்டல் சேர்ந்து இறுகிக் கிடந்தது. பைகளை இறக்கி வைத்த ஆட்டோக்காரர், "ஆள் இல்லாத வீடாம்மா?" என்று கேட்டார்.

"ஆள் இருக்கிற வீடுதான். ஆஸ்பத்திரியில இருந்தோம்" என்றாள். அதற்கு மேல் விளக்கத் தெம்பில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் அவள் கணவர் நெடுமாறனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. முதலில் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி. பிறகு திருச்சியில் மகள் எழில்மொழியின் வீடு, பயிற்சி கொடுக்கத் தினமும் வந்துபோகும் ஒரு பெண். தீபாவளி ஆஸ்பத்திரியிலும் பொங்கல் மகள் வீட்டிலுமாகக் கழிந்து, இப்போது தை மாதம் பாதி ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை அவரைக் காரில் அழைத்து வருவதாக ஏற்பாடு. அதற்குள் வீட்டைத் திறந்து, கழுவி, மனுசர் புழங்குகிற இடமாக ஆக்கி வைக்கவேண்டும் என்று அவள் மட்டும் பாசஞ்சரில் பூதலூர் வந்து இறங்கியிருந்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சவரியப்பன் அரிவாளோடு வந்தார். மோட்டார் காயில் கட்டுவது அவர் தொழில். அதோடு ரெண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரும் செய்தார். வீட்டுச் சாவி இத்தனை மாதமும் அவரிடம்தான் இருந்தது.

"தள்ளிக்கங்க டீச்சர். போன வாரமே வெட்டணும்னு நெனச்சேன். வேலை மேல வேலை" என்று கொடியை அறுத்து, வண்டலைக் காலால் ஒதுக்கி, கேட்டை ஓர் உலுக்கு உலுக்கித் திறந்துவிட்டார்.

உள்ளே ஓரடி வைத்தவள் நின்றுவிட்டாள். வீட்டுக்கு முன்னால் இருந்த புல்தரையைக் காணோம். கோரை முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதற்கு மேல் மூக்குத்திப்பூவும் பார்த்தீனியமும் தலை நீட்டின. மதில் ஓரத்தில் முருங்கைக் கிளை ஒன்று ஒடிந்து, பட்டையோடு தொங்கியது. ஆடுகள் வந்துபோனதற்கான புழுக்கை எங்கும் கிடந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே, நாலு பாய் விரிக்கிற அகலத்துக்கு, நெல் நின்றது. கதிர் அப்போதுதான் வெளியே வந்து பூத்து முடிந்து, லேசாகத் தலை சாயத் தொடங்கியிருந்தது.

"சவரி அண்ணே, இது என்ன?"

சவரியப்பன் அரிவாளைத் துண்டில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "அது வந்து டீச்சர், குறுவை அறுத்து ரோட்டுல காயப்போட்டிருந்தேன். மழை புடிச்சிக்கிச்சு. சாவி கையில இருந்துச்சா, உங்க வராந்தாவுல அள்ளிக் கொட்டிட்டேன். காஞ்சதும் அள்ளிக்கிட்டு, மிச்சத்தக் கூட்டித் தள்ளுனேன். அது புல்லுல விழுந்துருக்கும் போல."

"கூட்டித் தள்ளுனதே இப்படி விளையுதே. உங்க குத்தகை நிலத்துல மட்டும் ஏன் விளைய மாட்டேங்குது?"

"அங்க நான்ல பாக்குறேன். இங்க சார் செம்மண்ணு கொட்டி, ஆட்டெரு போட்டு, மெத்தை மாதிரி வச்சிருக்காரு." சிரித்தவர் அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மார்கழியில ஒரு நாள் புடுங்கிடலாம்னுதான் வந்தேன் டீச்சர். பொதி கட்டி நின்னுச்சு. கை வரல. வயித்துப் புள்ளக்காரி மாதிரி நிக்கிறத எப்படிப் புடுங்குறது? சார் எப்படி இருக்காரு?"

"இருக்காரு. வெள்ளிக்கிழமை வர்றாரு."

"இந்தப் புல்லு லானைப் பாத்தா வையப் போறாரு" என்றார் சவரியப்பன், பைகளைத் தூக்கிக்கொண்டே.

நெடுமாறன் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜமாபந்தி நடக்கும் நாட்களில், கட்டுக்கட்டாகக் கோப்புகளைச் சுமந்துகொண்டு கலெக்டர் பங்களாவுக்குப் போவார். அங்கே முன்னால் ஒரு பெரிய புல்வெளி இருந்தது. அதைச் சுற்றிப் போகத்தான் பாதை. வெயிலில் மணிக்கணக்காக அந்த ஓரத்தில் நிற்பார். ஒரு முறை கால் மரத்துப்போய் அதன்மேல் ஓரடி வைத்ததற்குத் தோட்டக்காரர் எல்லார் முன்னாலும் அதட்டிவிட்டார். இதை அவர் யாரிடமும் வருத்தமாகச் சொன்னதில்லை. வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் ஓய்வு பெற்று, கிடைத்த பணத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டியதும் முதல் வேலையாக வல்லத்திலிருந்து ஒரு லோடு செம்மண் கொண்டுவந்து கொட்டினார். திருச்சி நர்சரியிலிருந்து பாய் பாயாகப் புல் வந்து இறங்கியது.

அவர் பிறந்து வளர்ந்த தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவருடைய அம்மாவும் சின்னம்மாமார்களும் அடுத்தவர் வயலில் களை பறித்தே காலம் தள்ளியவர்கள். "ஆத்தா புடுங்குனத எல்லாம் மவன் காசு குடுத்து வாங்கி நடுறான்" என்றார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். சிரித்துவிட்டு, காலையிலும் மாலையிலும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டார். கோரை ஒன்று தலைகாட்டினால் வளைந்த ஆணியால் நெம்பிக் கிழங்கோடு எடுத்தார். செருப்புக் காலோடு யாரையும் விடமாட்டார்.

அவருக்கு முதுகுவலி வந்த பிறகு குழாய் இசைவாணியின் கைக்கு மாறியது. பிறகு ஆணி. பிறகு புல் வெட்டுகிற மிஷின். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அந்த மூலையில ஒரு வரி விட்டுட்டே" என்பார். அவளும் பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் நின்று களைத்து ஓய்வு பெற்றவள்தான். தனக்கும் முட்டிவலி இருப்பதை அவரிடம் சொல்லியிருக்கிறாள். "நடந்தா சரியாயிடும். மிஷின தள்ளு, அதுவும் நடைதானே" என்று அவர் யோசனை சொன்னார்.

அன்று பகல் முழுவதும் வீட்டுக்குள் வேலை. ஜன்னல்களைத் திறந்ததும் பூசணம் பிடித்த வாடை வந்தது. பாத்திரங்களை இறக்கிக் கழுவினாள், மெத்தையை வெயிலில் போட்டாள். கொல்லையில் சாக்கடை வாய்க்கால் இலையால் அடைத்திருந்தது. குச்சியால் குத்திக் குத்தி அதைத் திறந்தாள். முருங்கைக் கிளையை அறுக்கப் போனபோது வலது மணிக்கட்டு சுளீர் என்றது. மூன்று மாதமாக அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, எழுப்பி உட்காரவைத்து, அந்த மணிக்கட்டு வீங்கியே இருந்தது. அரிவாளைப் போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். பின்பக்கம்கூட இன்னும் முடியவில்லை. முன்பக்கத்தை நினைக்கவே முடியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போன் வந்தது. எழில்மொழி வீடியோவில் கூப்பிட்டு, போனை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"லா...ன்" என்றார் நெடுமாறன். "காட்டு."

"இருட்டிடுச்சுங்க. ஒண்ணும் தெரியாது."

"லைட்டு... போடு."

"வாசல் லைட்டு எரியல. நாளைக்குக் காட்டுறேன். சாப்டீங்களா?"

அந்தக் கேள்வியை அவர் காதில் வாங்கவில்லை. "வெள்ளி... நாற்காலி. அங்க போடு. நடுவுல."

எழில்மொழி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த அறைக்கு வந்தாள். "அம்மா, இங்க நாள் பூரா இதே பேச்சுதான். கையத் தூக்குங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னா தூக்க மாட்டேங்கிறார். லானுக்குத் தண்ணி விட வேணாமான்னு நான் கேட்டா தூக்குறார். டாக்டரும் நல்லதுன்னுதான் சொல்றார். எப்பாடு பட்டாவது அத மட்டும் ரெடி பண்ணிடும்மா."

"பண்றேன்."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூசி" என்றாள் இசைவாணி.

போனை வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரப்போகும் நாட்களை வரிசையாக எண்ணிப் பார்த்தாள். விடிந்ததும் அவரைத் தூக்கி உட்காரவைப்பது, பல் துலக்கி விடுவது, கக்கூசுக்கு நடத்திப் போவது, குளிப்பாட்டுவது. கைப்பயிற்சி, கால்பயிற்சி, அதுவே மத்தியானம், அதுவே சாயந்திரம். நடுவில் சமையல், துணி. இதற்கெல்லாம் ஆள் வைக்கலாம் என்று எழில்மொழி சொன்னபோது அவர், "வாணி... போதும்" என்றுவிட்டார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். இத்தனைக்கும் மேலே, காலையும் மாலையும் புல்லுக்குத் தண்ணீர். கோரையை நெம்ப வேண்டும். மிஷினைத் தள்ள வேண்டும். அவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வரி விட்டுப்போனால் குழறிக் குழறிச் சொல்வார்.

கணக்கு எப்படிப் போட்டாலும் சரிவரவில்லை. உடம்பு ஒன்றுதான் இருந்தது.

இருந்தாலும் மறுநாளைக்கு ஆள் சொல்லி அனுப்பினாள்.

காலையில் கண்ணாத்தாள் வந்தாள். நெடுமாறனுடைய சின்னம்மா அவள். எழுபது தாண்டியும் குந்தினால் வரப்பு வரைக்கும் நிமிராதவள். கூடவே அவளுடைய மருமகள் தமிழ்நிலாவும் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்களும். அறுவடையை மிஷின் எடுத்துக்கொண்டதால் தை மாதத்தில் அவர்களுக்கு வயலில் அவ்வளவாக வேலையில்லை.

"டீச்சரு காட்டுக்குள்ளல குடியிருக்கு" என்றாள் கண்ணாத்தாள், கேட்டில் கை வைத்துக்கொண்டு.

"உள்ள நரி கிரி இருந்தா சொல்லிருங்கக்கா. நான் வெளியவே நின்னுக்கிறேன்" என்றாள் தமிழ்நிலா.

"ஒன்னய விடவா ஒரு நரி. குந்துடி பேசாம." கண்ணாத்தாள் இசைவாணியை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன மருமவளே, பாதியா போயிட்ட. அவனப் பாக்கப்போன எடத்துல ஒனக்கு ஒருத்தரும் சோறு போடலயா?"

"போட்டாங்க அத்தை. எறங்கல. முன்பக்கம் முழுக்கக் களை எடுத்துடுங்க. கோரை கிழங்கோட வரணும், இல்லேன்னா திரும்ப வந்துரும்."

"கோரைக்கு எனக்கே பாடஞ்சொல்றியா?" என்றபடி சேலையை வரிந்துகொண்டு அவள் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வரிசை கட்டி உட்கார்ந்தார்கள்.

கூட நின்று, எது இருக்கவேண்டும் எது போகவேண்டும் என்று காட்டவேண்டும் என்றுதான் இசைவாணி நினைத்தாள். அதற்குள் வாடகைக்குச் சொல்லியிருந்த ஆஸ்பத்திரிக் கட்டில் வேனில் வந்து இறங்கியது. அதைக் கொல்லை வழியாகக் கொண்டுவந்து, திருகி மாட்டி, தலைப்பக்கம் உயர்த்திக் காட்டினார்கள். அறையைக் கழுவி, கட்டிலுக்கு இடம் பண்ணி, கக்கூசுக்குப் போகிற வழியில் தடுக்குகிற சாமான்களை எல்லாம் அடுத்த அறைக்கு மாற்றினாள். எல்லாம் முடிந்து டீ போட்டு, தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

பெண்கள் பாதித் தூரம் நகர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் செம்மண் வெறுமனே கிடந்தது. கோரை போயிருந்தது, பார்த்தீனியம் போயிருந்தது. அவற்றோடு புல்லும் போயிருந்தது. அடியில் அது இன்னும் உயிரோடுதான் இருந்திருக்கிறது. வேர் பின்னிப் பாயாகக் கிடந்ததை, ஓரத்தில் பிடித்துத் தோசையைக் கிளப்புவது போலக் கிளப்பி, மண்ணை உதறிச் சுருட்டி, மதிலோரம் குவித்து வைத்திருந்தார்கள். நெல்லை மட்டும் ஒரு தாள் அசையாமல் விட்டிருந்தார்கள். அதன் அடியில் விரலை விட்டுத் துருவித் துருவி ஒவ்வொரு புல்லாக எடுத்திருந்தார்கள். பருப்புக்கீரையையும் மணத்தக்காளியையும் பறிக்காமல் விட்டிருந்தார்கள், கொஞ்சம் தமிழ்நிலாவின் மடியிலும் இருந்தது.

கண்ணாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்தப் பாவி மவன் தெளிச்சுவிட்டுப் போனான்னு தெரியல, பயிரு அம்புட்டு அழகா வந்துருக்கு. இந்தப் புல்லுதான் மெத்தையாட்டம் கெடந்து அமுக்குது. எல்லாத்தையும் உரிச்சிட்டோம். இனிமே கதிரு நல்லா பால் புடிக்கும் பாரு."

நெல் நின்றால் அது வயல், வயலில் நிற்கிற புல் களை. அவர்கள் கைக்கு வேறு கணக்கு தெரியாது. காசு கொடுத்து வாங்கிய புல் என்று கண்ணாத்தாளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் முழங்கால் கோரைக்கு அடியில் கிடந்ததை அதுதான் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். கதிர் முன்னால் நிற்கும்போது நினைக்கவும் தோன்றியிருக்காது.

'நிறுத்துங்க அத்தை.' அந்தச் சொல் இசைவாணியின் தொண்டை வரைக்கும் வந்தது. பாதி இன்னும் மிச்சம் இருந்தது. சுருட்டி வைத்ததைக்கூடத் திரும்ப விரித்து, மிதித்து, தண்ணீர் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அவர் அப்படிச் செய்ததை அவள் பார்த்திருக்கிறாள். காலையும் மாலையும் காய விடாமல் ஊற்றவேண்டும். விடாமல் ஊற்றவேண்டும்.

தட்டைப் படியில் வைத்தாள். தானும் படியில் உட்கார்ந்தாள்.

"என்ன மருமவளே, அப்படிப் பாக்குற? சரியாத்தான போவுது?"

தஞ்சாவூர்ப் பக்கம் போகிற ரயில் ஒன்று தடதடத்துப் போனது. இசைவாணி டம்ளர்களை ஒவ்வொன்றாக அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

"போகுது அத்தை" என்றாள். "டீ ஆறிடும். குடிச்சிட்டு எடுங்க."

அவர்கள் டீ குடித்துவிட்டு மிச்சத்தையும் எடுத்தார்கள். சாயந்திரம் சவரியப்பன் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சுருட்டி வைத்த குவியலைப் பார்த்தார், இசைவாணியைப் பார்த்தார். "மாட்டுக்கு எடுத்துக்கட்டுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அன்று வந்த வீடியோ போனை அவள் எடுக்கவில்லை. பிறகு தானே சாதாரணமாகக் கூப்பிட்டு, சார்ஜ் இல்லை என்றாள். பொய் சொல்கிற அலுப்பும் மற்ற அலுப்புகளோடு சேர்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணி வாக்கில் கார் வந்தது. எழில்மொழியும் டிரைவரும் சேர்ந்து நெடுமாறனை இறக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் இளைத்திருந்தார். வெள்ளைச் சட்டையின் வலது கை மடிமேல் கிடந்தது. சின்னம்மாவாயிற்றே என்று கண்ணாத்தாளும் தமிழ்நிலாவும் பார்க்க வந்திருந்தார்கள். சவரியப்பன் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

கேட்டுக்குள் வந்ததும் நெடுமாறன் இடது கையைத் தூக்கினார். எழில்மொழி நாற்காலியை நிறுத்தினாள்.

வீட்டுக்கு முன்னால் சிவப்பு மண். நடுவில் நெல். அங்கங்கே கீரை.

"புல்லு" என்றார். "புல்லு எங்க?"

"என்னம்மா இது?" எழில்மொழியின் முகம் மாறிவிட்டது. "ரெடி பண்றேன்னு சொன்னியே."

கண்ணாத்தாள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பிறகு மண்ணைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கத் தொடங்கியது தெரிந்தது. "நெல்லு நின்னுச்சு மாறா" என்றாள் மெதுவாக. "கதிர் வந்துட்டுதேன்னு அடியில கெடந்த புல்ல நாங்கதான் எடுத்தோம். நீ வச்ச புல்லா அது? கோரைக்குள்ள கெடந்துச்சு. தெரியாமப் போச்சேப்பா."

"போச்சு போங்க" என்றாள் தமிழ்நிலா, பாதிக் குரலில். "அப்பவே கேட்டேன், இது என்ன புல்லு இவ்வளவு மெத்துன்னு இருக்குன்னு. நீங்கதான் எடுடி எடுடின்னீங்க."

"ஏங்கிட்ட எங்கடி கேட்ட?"

நெடுமாறன் கண்ணாத்தாளைப் பார்த்தார். அவர் வாய் கோணியது. வார்த்தை திரளுகிறது என்று இசைவாணிக்குத் தெரிந்தது. அலுவலகத்தில் கீழே இருப்பவர்களை வைகிற முகம் அது, பாதி முகத்தில் மட்டும் வந்தது. கண்ணாத்தாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வருவதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

பேசாமல் இருந்தால் போதும். பெண்கள் தெரியாமல் செய்தது, அவர் வைவார், கண்ணாத்தாள் அழுவாள், அதோடு முடிந்துவிடும்.

"அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் இசைவாணி. "பாதியில நான் பாத்துட்டேன். சரியா போகுதான்னு அத்தை எங்கிட்ட கேட்டாங்க. போகுதுன்னேன். முழுக்க எடுத்தது எனக்குத் தெரிஞ்சுதான்."

எழில்மொழி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரிஞ்சா? அப்பா அத நெனச்சுத்தாம்மா கையத் தூக்கினாரு."

"தெரியும்."

"ஏன்?" என்றார் நெடுமாறன். அந்தச் சொல் மட்டும் குழறாமல் வந்தது.

அவள் அவருக்கு எதிரில் வந்து நின்றாள். மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த காரணங்கள் நிறைய இருந்தன. அவற்றை எல்லாம் விட்டுவிட்டாள்.

"என்னால முடியல" என்றாள். "உங்களப் பாத்துக்குறேன். அதையும் சேத்துப் பாக்க என்னால முடியாது. உங்ககிட்ட கேட்டா முடியும்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல."

சவரியப்பன் கேட்டின் தாழ்ப்பாளை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுமாறன் மண்ணைப் பார்த்தார். பிறகு இடது கையால் வீட்டுப் பக்கம் காட்டினார்.

"உள்ள தள்ளு" என்றார் மகளிடம்.

மத்தியானச் சாப்பாட்டை எழில்மொழி ஊட்டியபோதுதான் சாப்பிட்டார். புறப்படும்போது எழில்மொழி அம்மாவின் வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இத ஏம்மா சொல்லல?" என்றாள். "காட்டிக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள் இசைவாணி. காலையில் வந்து போகிற மாதிரி ஓர் ஆளைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று சாயந்திரமும் மறுநாளும் நெடுமாறன் அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினார். கக்கூசுக்கென்றால் கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டினார். அவள் தூக்கினாள், நடத்தினாள், கழுவிவிட்டாள். பயிற்சி நேரத்தில் கையைத் தூக்கச் சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டார். கால் பயிற்சிக்கு மட்டும், அவள் கையில் காலைக் கொடுத்துவிட்டுக் கிடந்தார். அவளும் பேச்சை வளர்க்கவில்லை. கோபத்தைச் சமாதானம் பண்ணுவதும் ஒரு வேலை. அதற்கும் தெம்பு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்குச் சோறு கொடுத்து, ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கூடத்தில் பாயை விரித்து, கொஞ்ச நேரம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தாள். மூன்று மாதமாக அவள் தூங்கியதெல்லாம் ஒரு காதைத் திறந்து வைத்த தூக்கம். அன்று அந்தக் காதும் மூடிக்கொண்டது.

கண் விழித்தபோது கூடம் மங்கியிருந்தது. எங்கோ கோயிலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. திடுக்கிட்டு எழுந்தாள். நாலு மணிக்கெல்லாம் அவர் தட்டுவார். அவர் தட்டிய சத்தமே கேட்கவில்லையே, அப்படியா செத்தமாதிரி தூங்கினோம் என்று அறைக்கு ஓடினாள்.

நெடுமாறன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. நாற்காலிக்கு அடியில் தரையும் நனைந்திருந்தது. கட்டில் கம்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அய்யோ, தட்டுனீங்களா? எனக்குக் கேக்கவே இல்ல."

அவர் தலையை ஆட்டினார். தட்டவில்லை.

"ஏங்க தட்டல?"

அவர் அவள் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்தார். சொல் வெளியே வர நேரம் பிடித்தது.

"நீ... தூங்குன" என்றார்.

அவள் விளக்கைப் போட்டாள். பிறகு வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்து வந்தாள். கொடியிலிருந்து வெளுத்த வேட்டி ஒன்றை உருவி வந்தாள். தரையைத் துடைத்தாள். அவருக்கு எதிரில் உட்கார்ந்து, நனைந்த வேட்டியை அவிழ்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அவர் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு இன்னும்... கோவம்தான்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"இருக்கட்டும்" என்றாள். "இந்தக் காலத் தூக்குங்க."

அவர் தூக்கினார். கால் கொஞ்சம்தான் எழுந்தது. மிச்சத்தை அவள் இடது கையால் தாங்கிக்கொண்டு வேட்டியை அடியில் செருகினாள்.